அரக்கு மலையின் காப்பி

நம்மவர் எந்த ஊருக்குக் குடியேறினாலும், "பீபெரி அரைப் பங்கு, பிளாண்டேஷன் அரைப் பங்கு" என்று கேட்டு வாங்கும் வழக்கமும் உடன் குடியேறிவிடுகிறது. வாடகைக்கு வீடு அமைந்த மறுநாளே, காப்பிக்கொட்டை வறுத்து அரைக்கும் கடை எங்குளது என்று விசாரிப்பவர்கள் நாம். ஆயினும், நாள்தோறும் உச்சரிக்கும் இவ்விரு சொற்களின் பொருள் யாது என்று வினவினால் விடை கூறக்கூடியவர் சிலரே.

பீபெரி என்பது தனியொரு செடியின் விளைவன்று. காப்பிப் பழத்தினுள் வழக்கமாக இரு விதைகள் ஒன்றையொன்று ஒட்டி, ஒருபுறம் தட்டையாக வளரும். சிற்சில பழங்களில் ஒரு விதையே வளர்ந்து உருண்டுவிடும், அதுவே பீபெரி. பிளாண்டேஷன் என்பதும் பெருந்தோட்டத்தில் விளைந்தது என்று பொருள்படுவதன்று. பழத்தோலை உரித்து, நீரிற் கழுவிப் பதப்படுத்திய அராபிகாக் கொட்டைக்கு நம் நாட்டு வாணிகத்தில் வழங்கும் பெயர் அது. பழத்தை அப்படியே வெயிலில் உலர்த்தி எடுத்தது செர்ரி எனப்படும். ஆகவே நாம் கேட்டு வாங்குவது ஒரு தோட்டத்தின் பெயரையன்று. ஒரு வேலையின் பெயரையே. அவ்வேலையைச் செய்பவர் யார்?

இந்நாட்டில் காப்பி பயிரிடுவோரில் மிகப் பெரும்பாலோர் 25 ஏக்கருக்கு உட்பட்ட நிலமுடைய சிறு விவசாயிகளே. ஓரிரண்டு ஏக்கர் மட்டுமே உடையவரும் பலர். அவர்களைக் காணக் குடகுக்கோ சிக்மகளூருக்கோ செல்ல வேண்டுவதில்லை. ஹௌராவில் சென்னை மெயில் ஏறி ஊருக்குச் செல்லும் நம் குடும்பங்கள் விசாகப்பட்டினத்தைக் கடந்தே செல்கின்றன. அங்கிருந்து ஏறக்குறைய 115 கிலோமீட்டர் தொலைவில், கிழக்குத் தொடர்ச்சி மலையில் அரக்குப் பள்ளத்தாக்கு இருக்கிறது. பகதா, கொண்டதொரா முதலிய பழங்குடி மக்கள் வாழும் பகுதி அது. காட்டை வெட்டி எரித்து, சில ஆண்டுகள் பயிரிட்டு, பின்னர் வேறிடம் பெயர்வது அவர்களது பழைய வேளாண்மை முறை. காப்பிச் செடிக்கோ மரநிழல் வேண்டும். காப்பி பயிரிட்டவனுக்கு மரத்தைக் காப்பது தன் வயிற்றைக் காப்பதாயிற்று.

ஆனால் செடி வளர்த்தால் மட்டும் நல்ல காப்பி கிடைத்துவிடாது. ஒரே கிளையில் பச்சைக் காயும் செம்பழமும் கலந்து நிற்கும். சிவந்தவற்றை மட்டும் பறிப்பதாயின், அதே செடிக்குப் பன்முறை வர வேண்டும். பறித்த அன்றே தோலுரித்து, விதையின்மேல் உள்ள வழவழப்பு நீங்கும்வரை ஊறவிட்டுக் கழுவி, உலர்த்துதல் வேண்டும். 5 அல்லது 6 கிலோ பழத்திலிருந்து 1 கிலோ கொட்டையே தேறும். இயந்திரமும் மிகுந்த நீரும் ஓரேக்கர் விவசாயிக்கு எங்ஙனம் கிட்டும்? முற்றத்தில் உலர்த்தி, வந்த வியாபாரி சொன்ன விலைக்கு விற்பதே எளிதாயிருந்தது. பச்சைக்கும் சிவப்புக்கும் ஒரே விலை என்றால், பொறுமையுடன் பறிப்பவருக்கு அதனால் என்ன பயன்?

இங்கேதான் கூட்டுறவு துணைக்கு வந்தது. 1956ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கிரிஜனக் கூட்டுறவுக் கழகம் இம்மக்களிடமிருந்து காப்பியைக் கொள்முதல் செய்து வருகிறது. இந்நூற்றாண்டில், நாந்தி என்னும் அறநிறுவனத்தின் துணையுடன், சிறு, குறு பழங்குடி விவசாயிகள் தமக்கென ஒரு கூட்டுறவுச் சங்கமும் அமைத்தனர். பலர் பறித்த பழங்களை ஒரு பொது நிலையத்திற் சேர்த்துப் பதப்படுத்தியதால், தனியொருவனால் இயலாதது பலருக்கு இயன்றது. காப்பியைச் சுவைத்து மதிப்பிடும் வல்லுநர் 100க்கு 80 மதிப்பெண்ணுக்குக் குறையாததையே சிறப்புக் காப்பி என்பர். அவ்வரிசையில் அரக்குக் காப்பி இடம்பெற்றது. 2017இல் பாரிஸ் நகரில் அதற்கென ஒரு கடை திறக்கப்பட்டது. 2019இல் அரக்குப் பள்ளத்தாக்கு அராபிகாவுக்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது.

நாம் இரயிலிற் கடந்துசெல்லும் மலையின் காப்பியைப் பாரிஸ் மக்கள் ஊர்ப்பெயர் சொல்லிக் கேட்டு அருந்துகின்றனர். காப்பியே தம் அடையாளம் என்று பெருமை கொள்ளும் நாமோ, எங்கு விளைந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேளாதது மட்டுமன்று, குவளையில் உள்ளதில் எவ்வளவு காப்பி என்பதையும் பார்ப்பதில்லை. சிக்கரி கலந்த தூளில் காப்பி 51 சதவிகிதத்திற்குக் குறையலாகாது என்பது சட்டம். அதாவது, ஏறக்குறையப் பாதி சிக்கரியாக இருப்பினும் சட்டப்படி குற்றமில்லை. சிக்கரியின் சுவையை விரும்புவோர் விரும்பட்டும். அதைக் காப்பியின் விலைக்கு வாங்க வேண்டுவதில்லை. பொட்டலத்தின்மேல் அளவு அச்சிடப்பட்டிருக்கும். ஒருமுறை படித்துப் பாருங்கள்.

அடுத்தமுறை கடைக்குச் செல்லும் சகோதரிகளும் சகோதரர்களும் இரண்டு கேள்விகள் கேட்கட்டும்: இது எந்த மலையில் விளைந்தது? இதிற் சிக்கரி எவ்வளவு? முதல்முறை கடைக்காரர் விழிக்கக்கூடும். பத்துக் குடும்பங்கள் கேட்டால் விசாரித்து வைப்பார். செம்பழத்தை மட்டும் தேர்ந்து பறிக்கும் கைக்கு உரிய கூலி அந்த விசாரணையிலிருந்துதான் மலையேற வேண்டும்.