வயதைப் பார்க்காதீர், இடத்தைப் பாருங்கள்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ அணித் தெரிவு என்றால், "அவவுக்கு வயசு போட்டுது, இளம் பிள்ளையளுக்கு விடுங்கோவன்" என்ற குரல் மைதான ஓரத்தில் எப்படியும் எழும். அந்தக் கணக்கைப் பொய்யாக்கியவர் பக்கத்து யாழ்ப்பாணத்தின் தர்ஜினி சிவலிங்கம். 2019 லிவர்பூல் உலகக் கிண்ண வலைப்பந்தாட்டத்தில், 40 வயதில், 348 கோல்கள், தொடரிலேயே அதிகம். 2022 இல் இலங்கை ஆசியச் சம்பியனானபோதும் வளையத்தடியில் அவர் நின்றார். அதற்காக மூத்தவர் எல்லோரையும் வைத்திருக்கச் சொல்லவில்லை. 3.05 மீற்றர் உயர வளையத்துக்குக் கீழே, 208 சென்ரிமீற்றர் உயரமும் பதறாத கையும் லேசில் தேயாது. ஓடி ஓடிப் பந்து சேர்க்கும் விங் அட்டாக்குக்கோ கால்தான் முதல். அது தளர்ந்தால் தயவு பார்க்க இடமில்லை. அப்போதும் வெளியே அனுப்ப அவசரப்படவேண்டாம். வன்னிக் கழகங்களுக்கு ஒருவரைக் கொடுத்து இன்னொருவரை வாங்கும் சந்தை கிடையாது. போனவர் போனவர்தான், அனுபவமும் கூடவே போகும். ஆட்டத்துக்கு நான்கு கால்பகுதிகள், ஒவ்வொன்றும் 15 நிமிடம். ஒன்றை மூத்தவருக்குக் கொடுங்கள், மூன்றை அவர் பழக்கிவிடும் பிள்ளைக்குக் கொடுங்கள். அடுத்தவரை உருவாக்காமல் ஒருவரிலேயே தொங்குவதும் தெரிவாளர்களின் சோம்பல்தான்.