உதவியா? ஊதியமா?

சொல் வெறும் ஒலியன்று; ஒவ்வொரு சொல்லுள்ளும் ஒரு மனப்பான்மை உறைகின்றது. ஆராய்ச்சி மாணவனுக்கு மாதந்தோறும் வழங்கப்படும் பணத்தை நாம் ‘உதவித்தொகை’ என்கிறோம். உதவி என்பது இருப்பவர் இல்லாதவர்க்கு இரங்கி ஈவது. அஃது இன்று வரலாம்; நாளை வரலாம்; வராமலும் போகலாம். “ஏன் வரவில்லை?” என்று கேட்டால், கேட்டவன் நன்றி கெட்டவனாகி விடுவான். ஆராய்ச்சி மாணவன் பெறுவது இத்தகைய உதவிதானா? அன்று. அஃது அவன் உழைப்புக்கு உரிய ஊதியம் என்பதே என் கருத்து.

ஹப்சிகுடாவில் வாழும் நம்மவர்க்கு அந்த உழைப்பை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1961-இல் தோன்றிய தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையமும், 1977-இல் தொடங்கப்பெற்ற உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையமும் உப்பல் சாலையில் அண்டை வீடுகள் போல் நிற்கின்றன. தார்நாக்காப் பக்கம் போனால் 1944-இல் வேர்விட்ட இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிலையம். அதற்கப்பால் 1918-இல் நிறுவப்பெற்ற உசுமானியாப் பல்கலைக்கழகம். நெல்லையினின்றும் தஞ்சையினின்றும் சேலத்தினின்றும் வந்த நம் தோழர் பலர் இவ்விடங்களில் உழைக்கின்றனர். வளர்ப்புக் கண்ணாடிகளில் இருக்கும் உயிரணுக்களுக்கு ஞாயிறென்றும் திங்களென்றும் தெரியாது. விடுமுறை நாளிலும் அவற்றுக்கு உணவிட ஒருவன் போயாக வேண்டும். பழுதான கருவியைச் சீர்செய்பவன் யார்? இளையவர்க்குச் செய்முறை காட்டுபவன் யார்? விடைத்தாள் திருத்துபவனும், திட்ட அறிக்கையின் முதற்படியை எழுதுபவனும் யாவர்? பெரும்பாலும் இந்த ‘உதவி’ பெறுபவனே!

“அவன் கற்கிறான், பட்டம் பெறப் போகிறான், பின் எதற்குக் கூலி?” என்பர் சிலர். கற்கிறான் என்பது உண்மை. ஆனால் தறியில் தொழில் பழகும் சிறுவன் நெய்த துணியும் சந்தையில் விலை போகத்தான் செய்கிறது. மருத்துவமனையில் பயிற்சி பெறும் இளம் மருத்துவன் கற்றுக்கொண்டேதான் நோயாளியைக் காக்கிறான். கற்பதும் உழைப்பதும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல.

வேறு சிலர் நம் பழைய மரபைச் சுட்டுவர். ஆசிரியனுக்குப் பொருள் மிகக் கொடுப்பவனையும், வழிபட்டு நிற்பவனையும் பாடம் கேட்கத் தக்கோர் வரிசையில் நன்னூல் வைக்கின்றது. உண்மையே. ஆனால் அந்த ஆசானும் மாணாக்கனும் நேருக்கு நேர் நின்றவர்கள். இன்று இடையே அரசு நிற்கிறது. நிதி நல்கும் துறை நிற்கிறது. திட்டமும் கணக்கும் தணிக்கையும் நிற்கின்றன. மற்ற எல்லாரும் சம்பளக்காரர்களாயிருக்க, மாணவன் ஒருவனை மட்டும் குருகுலத்தில் நிறுத்துவது எவ்வகை நீதி?

நிற்க, கணக்கைச் சிறிது பார்ப்போம். மத்திய அரசின் இளநிலை ஆராய்ச்சியாளர் தொகை 2014 அக்டோபர் முதல் 25,000 ரூபாய்; 2019 ஜனவரி முதல் 31,000; 2023 ஜனவரி முதல் 37,000. முதல் இரண்டு ஆண்டு கழித்து முதுநிலைக்கு உயர்ந்தால் 42,000. குறைவென்று எவரும் சொல்லார். ஆயினும் இடைவெளியை நோக்குங்கள்! அரசு ஊழியர்க்கு அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை கணக்கிடப்படுகிறது. ஆராய்ச்சி மாணவனோ நான்காண்டு காத்திருந்து, தெருவில் நின்று முழங்கிய பிறகே ஒரு படி ஏறுகிறான். தேசியத் தகுதித் தேர்வுவழித் தொகை பெறாத மத்தியப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர்க்கோ, மாதம் 8,000 ரூபாய் என்பது பத்தாண்டுக்கு மேலாக அசையாமல் நின்றது. அதையும் நிறுத்துவதென 2015 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழு முடிவு செய்தபோது, மாணவர் தில்லியில் அக்குழுவின் வாயிலிலேயே அமர்ந்து போராட நேர்ந்தது.

தொகையினும் கொடியது தாமதம். திட்டப்பணத்தின் அடுத்த தவணை வர, முந்தைய தவணையின் பயன்பாட்டுச் சான்றிதழ் போகவேண்டும். ஒரு மேசையில் ஒரு தாள் உறங்கினால் ஒருவன் அடுப்பு அணைகிறது. வீட்டுக்காரரும் மெஸ்காரரும் சான்றிதழுக்காகக் காத்திருப்பார்களா? 2016 ஜனவரியில் ஐதராபாத்துப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மாணவர் ரோகித் வெமுலா தம் வாழ்வை முடித்துக்கொண்டார். அத்துயரத்தின் காரணங்களை நாடே விவாதித்தது. அவற்றை இங்கு ஆராயப் புகவில்லை. ஆனால் தமக்கு வரவேண்டிய ஏழு மாதத் தொகையை அவர் தம் இறுதி மடலிலும் குறித்திருந்தார் என்பதை எப்படி மறப்பது?

பிற நாடுகளில் இவ்வழக்கு நெடுங்காலமாக நடந்து வருகிறது. அமெரிக்காவின் விசுகான்சின் பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் உதவியாளர்கள் 1970-இலேயே வேலைநிறுத்தம் செய்து ஒப்பந்தம் பெற்றனர். தனியார் பல்கலைக்கழகங்களின் மாணவ உதவியாளர்களும் தொழிலாளரே என்று 2016-இல் அந்நாட்டுத் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் தீர்ப்பளித்தது. 2022 நவம்பரில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஏறத்தாழ 48,000 பேர் பணி நிறுத்தியபோது, வகுப்பும் ஆய்வும் விடைத்தாள் திருத்தமும் யார் தோளில் நிற்கின்றன என்பது உலகுக்குத் தெரிந்தது.

நம் நாட்டிலும் ஒரு வாயில் திறந்திருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகள், ஆராய்ச்சி மாணவர்க்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் அல்லது ஆராய்ச்சி உதவிப் பணி தரலாம் என்கின்றன. இதை நான் வரவேற்கிறேன். பாடம் சொல்லிக் கொடுத்துப் பார்த்தவனுக்கே தான் கற்றது எவ்வளவு என்பது விளங்கும். ஆனால் ஆறு மணி பதினாறாகாமல் காப்பது யார்? அளவை எழுதிய விதி, அதைக் காக்கும் வழியையும் எழுத வேண்டாவா?

நாம் கேட்க வேண்டியவை மூன்றே. மற்றப் பணியாளர்க்குச் சம்பளம் வரும் நாளிலேயே மாணவர்க்கும் பணம் வரவேண்டும். மேலிடத்து நிதி தாமதித்தால் நிறுவனம் முன்பணமாக அளித்துப் பின்னர் ஈடுசெய்து கொள்ளட்டும். செய்ய வேண்டிய பணியும் அதன் நேரமும் சேரும் நாளிலேயே எழுத்தில் தரப்பட வேண்டும். விலைவாசி உயரும்போது தொகையும் தானே உயர வேண்டும்.

உரிமை கேட்பவனுக்குக் கடமையும் உண்டு. ஊதியம் என்று நாம் சொல்லத் தொடங்கினால், வருகைப் பதிவில் மட்டும் வாழும் சோம்பலுக்கும் இடமில்லை. வாங்கும் பணத்துக்கு உழைப்பால் கணக்குக் காட்டியாக வேண்டும். அதற்கு நாம் அஞ்சவில்லை.

தோழர்களே, முதலில் நம் நாவிலிருந்து அச்சொல்லை நீக்குவோம். ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் “உதவிப் பணம் வந்துவிட்டதா, தம்பி?” என்று கேட்டால், “சம்பளம் இன்னும் வரவில்லை, அம்மா” என்று சொல்லுங்கள். உழைத்த பணத்தைக் கேட்பதில் நாணம் எதற்கு?