சிவப்பு டிவி

எங்கள் தோட்டத்தில் மைக்ரோ ஜீனியஸ் இருந்தது ஒரே ஒரு வீட்டில்தான். ஒரு லோரி ஓட்டுநரின் வீடு அது. பள்ளி விடுமுறை வந்துவிட்டால் அந்த வீட்டு அஞ்சடியில் பதினைந்து ஜோடி சிலிப்பர்களாவது கிடக்கும். உள்ளே ஜாய்ஸ்டிக் பிடித்திருப்பவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் எல்லாரும் யோசனை சொல்கிறவர்கள். கேசட் வேலை செய்யாவிட்டால் ஊதுவதற்கென்றே ஒருவன் இருந்தான். அவன் ஊதினால்தான் படம் வரும் என்று எல்லாரும் நம்பினோம்.

ஆண்டு 1996. எனக்கு எட்டு வயது. இன்றைய பெஸ்தாரி ஜெயாவை அப்போது பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வோம். எங்கள் தோட்டத்துக்கு அதுதான் பட்டணம்.

மைக்ரோ ஜீனியஸ் என்பது ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் செய்த ஃபேமிகாம் கருவியைப் பார்த்துத் தைவானில் செய்த நகல். அது எங்களுக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டோம். கேசட்டின் மேல் 168 விளையாட்டு என்று ஒட்டியிருக்கும். எண்ணிப் பார்த்தால் இருபதுகூடத் தேறாது, மீதியெல்லாம் அதே விளையாட்டு வேறு பெயரில். ஆகவே எங்களிடம் விளையாட்டைவிட வதந்திதான் அதிகமாக இருந்தது. மாரியோ கொடிமரத்தைத் தாண்டிக் குதித்தால் வேறு உலகம் வரும் என்பான் ஒருவன். கொந்த்ராவில் ராணுவத் தளபதியாகவே விளையாடலாம் என்பான் இன்னொருவன்.

இந்த வதந்திகளுக்கெல்லாம் தலைமைச் செயலகம், கடைசி லயத்து அண்ணன். ஆறாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவர் சொன்னது இது: "மாரியோவுல ரெண்டாவது கட்டத்துக் கடைசியில சுவத்துக்குள்ள புகுந்து போனா, தண்ணிக்குள்ள ஓர் உலகம் வரும். நீந்திக்கிட்டே இருக்கலாம், முடியவே முடியாது." இரண்டு நாள் முயன்று பார்த்தோம். மாரியோ சுவரில் முட்டிக்கொண்டதுதான் மிச்சம். அண்ணனுக்குப் பொய்யர் பட்டம் அன்றே பாதி கிடைத்துவிட்டது.

மீதிப் பாதி அடுத்த மாதம் கிடைத்தது. அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் காட்டுவதற்காக அவர்கள் குடும்பத்தோடு கோலாலம்பூர் போய்வந்தார்கள். திரும்பி வந்த அண்ணன், லோரிக்காரர் வீட்டு அஞ்சடியில் உட்கார்ந்து சொன்னார்: "ஒரு கடையில புது கேம் பார்த்தேன். டிவியே கிடையாது. ரெண்டு கால் வச்ச பெரிய கண்ணாடி, மேசை மேல நிக்குது. அதுக்குள்ள மூஞ்சியை வச்சுப் பார்க்கணும். உள்ள எல்லாம் சிவப்பு. கருப்பும் சிவப்பும்தான், வேற கலரே இல்ல. ஆனா கைய நீட்டினா தொடலாம் போல இருக்கு. கம்போங் குவாந்தான்ல ராத்திரி மின்மினி மின்னுமே, அது சிவப்பா இருந்தா எப்படி இருக்கும், அந்த மாதிரி."

நாங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. அந்தக் காலத்தில் கறுப்பு வெள்ளை டிவி வைத்திருந்தவர்கள்கூட கலர் டிவிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். "சிவப்பு மட்டும் தெரியிற டிவிய எவன் வாங்குவான்?" என்று கேட்டவன் நான்தான். அண்ணன் விடவில்லை. கடைக்காரர் தன்னை ஒரு மணி நேரம் விளையாட விட்டார் என்றார். அடுத்த வருடம் அதில் ஒரு பந்து மனிதன் வரப்போகிறான், வானத்திலிருந்து நம் முகத்தை நோக்கிக் குதித்துக் குதித்து வருவான் என்றார். அத்தோடு அவருடைய பெயர் 'சிவப்பு டிவி' ஆகிவிட்டது. அந்தப் பெயரை வைத்தவனும் நான்தான். சில வாரங்களில் அவர் மைக்ரோ ஜீனியஸ் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்தன. அவர்களும் போய்விட்டார்கள்.

2025 செப்டம்பரில், காலை நிகழ்ச்சிக்காகத் தொழில்நுட்பச் செய்தி தேடிக்கொண்டிருந்தேன். நிண்டெண்டோ தன்னுடைய பழைய தோல்விக் கருவி ஒன்றின் விளையாட்டுகளைப் புதிய சுவிட்ச் கருவியில் மறுபடி கொண்டுவரப் போவதாக அறிவித்திருந்தது. படத்தைப் பார்த்தேன். இரண்டு கால் வைத்த பெரிய கண்ணாடி மேசை மேல் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் விளையாட்டின் படங்கள், எல்லாம் கருப்பும் சிவப்பும். அன்றைக்கு அந்தச் செய்தியை நான் வாசிக்கவில்லை. வாசிக்க முடியவில்லை.

அந்தக் கருவியின் பெயர் விர்ச்சுவல் பாய். 1995 ஜூலை 21 அன்று ஜப்பானிலும், அடுத்த மாதம் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அமெரிக்க விலை ஏறக்குறைய 180 டாலர். அன்றைய கணக்கில் 450 வெள்ளி. என் அம்மா ஒரு மாதம் முழுக்க உழைத்தாலும் அவ்வளவு கைக்கு வருமா என்பது சந்தேகம்தான். ஜப்பானில் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே அதைக் கைவிட்டார்கள். அமெரிக்காவில் மறு ஆண்டு. மொத்தம் விற்றது சுமார் 7 லட்சத்து 70 ஆயிரம். வெளிவந்த விளையாட்டுகள் வெறும் 22. நம் நாட்டில் அது முறையாக விற்பனைக்கு வரவே இல்லை. அண்ணன் பார்த்தது ஜப்பானிலிருந்து யாரோ கொண்டுவந்த ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

ஏன் சிவப்பு மட்டும்? சிவப்பு எல்இடி விளக்குதான் அன்றைக்கு மலிவு, பேட்டரியையும் குறைவாகக் குடிக்கும். பிரகாசமான நீல எல்இடி அப்போதுதான் பிறந்திருந்தது, விலை எட்டாத உயரம். இந்தக் கருவிக்குள் முழுத் திரை என்று ஒன்று கிடையாது. கண்ணுக்கு ஒரு வரிசையாக 224 சிவப்பு எல்இடி. எதிரே வேகமாக ஆடும் ஒரு சிறிய கண்ணாடி. அந்த ஆட்டத்தில் ஒற்றை வரிசை விரிந்து முழுப் படமாகிவிடும். இரண்டு கண்ணுக்கும் சற்றே வேறுபட்ட படம் போவதால் ஆழம் தெரியும். கருப்பு இருட்டில் மின்னும் சிவப்புப் புள்ளிகள். மின்மினி என்று அண்ணன் சொன்னதைவிடச் சரியாக அதை யாரும் விளக்கி நான் படித்ததில்லை.

தோற்றதற்குக் காரணங்கள் பல. தலையில் மாட்ட முடியாது, மேசையில் வைத்துக் குனிந்தே விளையாட வேண்டும். கழுத்து வலித்தது, கண் களைத்தது, தலை சுற்றியது. ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் விளையாடக் கூடாது என்று நிறுவனமே எச்சரித்தது. அவ்வப்போது தானாக நின்று ஓய்வு எடுக்கச் சொல்லும் வசதியையும் வைத்தார்கள். அந்த எச்சரிக்கையிலிருந்துதான், கண்ணே போய்விடும் என்ற வதந்தி கிளம்பியது. கண் வலித்தது உண்மை. கண் போகும் என்பது அதற்கு ஊர் சேர்த்த கை, கால்.

எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொரு காரணம். மைக்ரோ ஜீனியஸை இரண்டு பேர் ஆடினால் பதின்மூன்று பேர் பார்க்கலாம். விர்ச்சுவல் பாய்க்குள் ஒருவர் மட்டுமே பார்க்க முடியும். அதன் ஆழத்தைத் தொலைக்காட்சி விளம்பரத்தில் காட்ட முடியாது, பத்திரிகையில் அச்சடிக்கவும் முடியாது. பார்த்தவர் சொல்வதை மற்றவர்கள் நம்பினால் உண்டு. வானொலிக்காரனான எனக்கு அந்தக் கஷ்டம் புரிகிறது. நான் சொல்வதையும் யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. ஆனால் என் பின்னால் ஒரு நிலையம் இருக்கிறது, அதனால் நம்புகிறார்கள். அண்ணனுக்குப் பின்னால் இருந்தது கடைசி லயம் மட்டும்தான்.

இப்படி ஒரு கருவி பாதியில் செத்துப்போனால் என்ன ஆகும்? வரப்போவதாகச் சொன்ன விளையாட்டுகள் எல்லாம் அந்தரத்தில் நின்றுவிடும். 1994 நவம்பரில் ஜப்பானில் நடந்த கண்காட்சியில் மாரியோ குதித்து ஓடும் ஒரு மாதிரிக் காட்சியைக் காட்டினார்கள். அது முழு விளையாட்டாக வெளிவரவே இல்லை. ஆனால் அதன் படங்களைப் பார்த்தவர்கள், எங்கோ ஒரு பெட்டியில் முழு விளையாட்டும் இருக்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஜேம்ஸ் பாண்டின் கோல்டன்ஐ படத்தை வைத்து ஒரு கார்ப் பந்தயம் வரும் என்றார்கள், வரவில்லை. ஸீரோ ரேசர்ஸ், டிராகன் ஹாப்பர் என்று இன்னும் சில பெயர்கள் விளையாட்டுப் பத்திரிகைகளில் படத்தோடு வந்து, அப்போது வெளிவராமல் போயின.

கருவியை வடிவமைத்தவரைப் பற்றியும் ஒரு வதந்தி உண்டு. குன்பெய் யோகோய். 1965-இல் நிண்டெண்டோவில் சீட்டுக்கட்டு அச்சிடும் இயந்திரங்களைப் பராமரிக்கச் சேர்ந்தவர். பழகி மலிந்துபோன தொழில்நுட்பத்தைப் புது வழியில் பயன்படுத்து என்பது அவர் கொள்கை. உலகமே வாங்கிய கேம் பாய் அப்படித்தான் பிறந்தது. விர்ச்சுவல் பாய் தோற்றதும் அவரைத் துரத்திவிட்டார்கள் என்று பேச்சு. 1996 ஆகஸ்டில் அவர் விலகியது உண்மை. ஆனால் தோல்வி அதற்குக் காரணம் இல்லை என்று அவரே மறுத்தார். 1997 அக்டோபர் 4 அன்று சாலை விபத்தில் இறந்துபோனார். வயது 56. அவர் மறுத்ததைவிட வதந்திதான் அதிக தூரம் போயிருக்கிறது.

வெளிவராதவை எல்லாம் பொய்யுமல்ல. பவுண்ட் ஹை என்று ஒரு விளையாட்டு கிட்டத்தட்ட முடிந்த நிலையில் கைவிடப்பட்டது. அதன் நிரல் ஆர்வலர்கள் சிலர் கைக்குக் கிடைத்து, 2010-இல் அவர்களே அதை விளையாடும்படி வெளியிட்டார்கள். 2013-இல் நிக்கோ சான் பேட்டல் என்ற இன்னொன்றும் அப்படியே மீண்டது. வேறொரு கருவிக்காகச் செய்து முடித்துப் பூட்டிவைத்த ஸ்டார் ஃபாக்ஸ் 2 என்ற விளையாட்டை, 20 ஆண்டுக்கும் மேல் கழித்து 2017-இல் நிண்டெண்டோவே வெளியிட்டது. மாரியோவின் முடிவில்லாத தண்ணீர் உலகமும் உண்மைதான். நிரலில் நேர்ந்த பிழையால் வருவது அது, உலகம் முழுக்கப் பெயர் பெற்றது. எங்களுக்குத்தான் சரியான இடத்தில் குதிக்கத் தெரியவில்லை.

பவுண்ட் ஹை விளையாட்டின் காணொளியைத் தேடிப் பார்த்தேன். மேலிருந்து பார்க்கிறோம். உருண்டையாகச் சுருண்டுகொண்ட ஓர் இயந்திர மனிதன் நம் முகத்தை நோக்கி எழும்பி எழும்பி விழுகிறான்.

சென்ற மாதம் புக்கிட் ரோத்தானில் ஓர் உறவினர் திருமணம். பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்துவிட்டது. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறாராம். சாப்பிட்டு முடித்ததும் போய், அலைபேசியில் அந்தப் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"அண்ணே, மன்னிச்சிருங்க" என்றேன்.

"சிவப்பு டிவின்னு பேர் வச்சது நீதானே?" என்று சிரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஒரு மணி நேரம் விளையாடுனேன்னு சொன்னது பொய்தான்டா. எட்டித்தான் பார்த்தேன். அம்மா கையப் பிடிச்சு இழுத்துட்டாங்க, பஸ் போயிரும்னு. அந்தப் பந்து, கடையில ஜப்பான் புத்தகத்துல இருந்த படம். அடுத்த வருசம் வரும்னு கடைக்காரர் சொன்னாரு. வரும்னு நானும் நம்பிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

பார்த்தது உண்மை, விளையாடியது பொய், பந்து மனிதன் கடைக்காரர் சொன்ன செய்தி. மூன்றையும் சேர்த்துத்தான் அவர் எங்களிடம் கொண்டுவந்தார். நாங்கள் மூன்றையும் சேர்த்தே தூக்கிப் போட்டுவிட்டோம். எது எது என்று பிரித்துக் கேட்க அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அப்புறம் அந்தப் பந்து வந்துச்சா?" என்று கேட்டார்.

"2010-ல வந்துச்சு அண்ணே" என்று காணொளியைப் போட்டுக் கொடுத்தேன். மண்டபத்து விளக்கு வெளிச்சம் படாமல் அலைபேசியின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து மறைத்து, முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டார். அவருடைய கடைசி மகள், ஏழெட்டு வயது இருக்கும், சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்னப்பா பார்க்கிறீங்க? எனக்கும் காட்டுங்க."

"இரு, இரு" என்றார். முகத்தை எடுக்கவில்லை.