யாரும் வாங்காத இயங்குதளம்

திருச்சிராப்பள்ளிச் சத்திரம் பேருந்து நிலையத்தில், திருவரங்கம் செல்லும் பேருந்துக்காக நிற்கும் மாணவி ஒருத்தி, “சத்திரம் வந்துவிட்டேன்” எனத் தாய்க்குக் கைப்பேசியில் செய்தி அனுப்புகிறாள். தாயின் கைப்பேசி வேறு நிறுவனத்தினது. எனினும் எழுத்துச் சிதைவதில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் இஃது எளிதன்று. டாம், டாப், திஸ்கி எனக் குறியேற்றங்கள் பல வழங்கின. ஒன்றில் தட்டச்சிட்ட மடல், மற்றொன்றில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றியது.

எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை ஒருங்குறி வழங்கியது. ஆயினும், அவ்வெண்ணைக் கணினியில் எவ்வாறு பதிந்துவைப்பது? பழைய நிரல்கள் பெரும்பாலும் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு என்று கருதியே எழுதப்பட்டவை. அவற்றை உடைக்காமல் உலக எழுத்துகளுக்கெல்லாம் இடமளிக்கும் முறையைக் கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992 செப்டம்பரில் வகுத்தனர். அதுவே யூ.டி.எஃப்-8. ஆங்கில எழுத்துக்குப் பழையபடி ஒரு பைட்டு. தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. ‘சத்திரம்’ என்னும் சொல்லுக்கு 24 பைட்டுகள் வேண்டும். தமிழுக்கு இது சற்று மிகுதியான செலவுதான். சிதையாத எழுத்துக்கு அவ்விலை தகும்.

அம்முறை முதலில் இயங்கியது அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான ‘பிளான் 9’ என்னும் ஆய்வு இயங்குதளத்தில். சில நாள்களிலேயே அத்தளம் முழுவதும் புதிய முறைக்கு மாற்றப்பட்டது. விற்பனையில் உள்ள தளம் எதுவும் அவ்வாறு துணிந்திராது. ஒரு நிரல் பழுதானாலும் வாங்கியோர் பொறுக்கமாட்டார். பிளான் 9-க்கோ அத்தகைய தளை இல்லை. அதன் நிரல்கள் அனைத்தும் ஒரு சிறு குழுவின் கைக்குள் இருந்தன.

பிளான் 9 சந்தையில் வெல்லவில்லை. “எவரும் பயன்படுத்தாததை எதற்காகக் கட்டுவது?” என்று கேட்போர் அதையே சான்றாகக் காட்டுவர். அவர்கள் அவ்வினாவைத் தமிழில் தட்டச்சிடுவதும் பெரும்பாலும் யூ.டி.எஃப்-8 வழியாகவே! மினிக்ஸின் கதையும் ஏறத்தாழ இதுவே. ஆண்ட்ரூ டானன்பாம் 1987-இல் மாணவர் கற்பதற்காக அதனை வெளியிட்டார். அதைப் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை எழுதத் தொடங்கினார். இன்றைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் கருநிரல் லினக்ஸே.

ஆகவே, நம் பொறியியல் கல்லூரிகளில் இயங்குதளப் பாடம் தேர்வுத்தாளோடு முடிந்துவிடலாகாது. சிறியதோர் இயங்குதளத்தை மாணவரே எழுதவும், உடைக்கவும், மீண்டும் எழுதவும் ஒரு பருவமேனும் ஒதுக்கப்பட வேண்டும். அதனை எவரேனும் வாங்குவாரா என்று அப்பருவத்தில் கேட்க வேண்டியதில்லை.