ஓர் அச்சு, இரண்டு துப்பாக்கிகள்

ஈயத்தை உருக்கித் தமக்கு வேண்டிய குண்டுகளைத் தாமே வார்த்துக்கொள்ளும் பழக்கம் அமெரிக்காவில் இன்றும் பரவலாக இருக்கிறது. அவர்களிடையே அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு: லீவர்-ஆக்‌ஷன் ரைஃபிளுக்கும் ரிவால்வருக்கும் பொதுவாக ஒரே வார்ப்புக் குண்டைப் பயன்படுத்த விரும்பினால் எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது? பெரும்பாலும் விடையாக வருவது புகழ்பெற்ற ஒரு பெயர்தான். அந்த விடையை நான் ஏற்கவில்லை. இரண்டு துப்பாக்கிகளும் ஒரே தோட்டாவைப் பகிரும்போது, குண்டின் வடிவத்தை முடிவுசெய்ய வேண்டியது ரைஃபிள். ரிவால்வர் அதற்கு இணங்கிப் போகும். தொழில்நுட்பச் சொற்களை ஆராய்பவர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருப்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். (நம் நாட்டில் தோட்டா செய்வது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும் செயல். இங்கே பேசப்படுவது அமெரிக்க வழக்கம்.)

முதலில் சொற்கள். நாளிதழ்களில் குண்டும் தோட்டாவும் ஒன்றுபோலவே புழங்குகின்றன. இங்கே குண்டு என்பது குழலைவிட்டுப் பறந்து செல்லும் ஈயத் துண்டு மட்டும். பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் பற்றிக்கொள்ளும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு ஆகிய அனைத்தும் சேர்ந்ததே தோட்டா. வார்ப்புக் குண்டின் இடுப்பைச் சுற்றிச் சில பள்ளங்கள் ஓடும். ஒன்றில் மசகு நிரப்புவர். மற்றொன்றுக்குள் பித்தளைக் கூட்டின் விளிம்பை மடித்து இறுக்குவர். இரண்டாவதை மடிப்புப் பள்ளம் என்று அழைக்கலாம். இக்கட்டுரையின் வழக்கு பெரும்பாலும் அந்தப் பள்ளத்தைப் பற்றியதே.

வின்செஸ்டர் நிறுவனத்தின் 1873ஆம் ஆண்டு ரைஃபிள் .44-40 என்னும் தோட்டாவோடு வந்தது. 44 என்பது குண்டின் விட்டத்தைச் சுட்டும் பெயரளவு. 40 என்பது கருமருந்தின் எடை, கிரெயின் கணக்கில். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கோல்ட் நிறுவனம் இதே தோட்டாவுக்குத் தன் ரிவால்வரை அமைத்துக் கொடுத்தது. தோளில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக ஆயுதம் தாங்கிச் சென்றவர்களுக்கு ஒரே வகைத் தோட்டா போதும் என்றாயிற்று. பகிர்வு என்னும் ஆசையின் வேர் இங்கே இருக்கிறது. ஆனால் அந்தத் தோட்டா முதலில் ரைஃபிளுக்காக உருவானது என்பதையும் ரிவால்வர் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது என்பதையும் கவனிக்க வேண்டும்.

ரைஃபிளின் கட்டுப்பாடுகள் கடுமையானவை. வழக்கமான லீவர்-ஆக்‌ஷன் ரைஃபிளில் குழலுக்கு அடியில் மற்றொரு நீண்ட குழாய் இருக்கும். தோட்டாக்கள் அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படும். பின்னால் இருக்கும் தோட்டாவின் மூக்கு முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரைத் தொட்டுக்கொண்டிருக்கும். கூரிய மூக்கென்றால், பின்னுதைப்பின் அதிர்வில் அதுவே ஊசியாக மாறிக் குழாய்க்குள்ளேயே தோட்டாவை வெடிக்கச் செய்யக்கூடும். ஆகவே மூக்கு தட்டையாக இருக்க வேண்டும். 1895ஆம் ஆண்டு மாதிரியில் வின்செஸ்டர் இந்தக் குழாயைக் கைவிட்டுப் பெட்டி வடிவ அறையை வைத்தது. கூர்மூக்குக் குண்டுகளுக்கு அந்த ரைஃபிளில் இடம் கிடைத்தது அதனால்தான்.

இரண்டாவது கட்டுப்பாடு நீளம். குழாயிலிருந்து வெளிவரும் தோட்டாவைத் தூக்கி மேலே கொண்டுசெல்லும் பொறி ஒன்று உள்ளே இருக்கிறது. 1873 மாதிரியில் அது ஒரு பித்தளைக் கட்டி. தோட்டா நீண்டுவிட்டால் அதில் அடங்காது. மிகவும் குறுகிவிட்டால் அடுத்த தோட்டாவின் விளிம்பு உள்ளே நுழைந்து பொறியை நிறுத்திவிடும். குண்டின் எந்த இடத்தில் மடிப்புப் பள்ளம் அமைகிறதோ, அதுவே தோட்டாவின் நீளத்தைத் தீர்மானிக்கிறது.

ரிவால்வரில் ஒவ்வொரு தோட்டாவும் உருளையில் தனித்தனி அறையில் கிடக்கிறது. மூக்கு எதையும் தொடுவதில்லை. தூக்கிச் செல்லும் பொறியும் கிடையாது. நீளம் உருளையைத் தாண்டாமல் இருந்தால் போதும். விசையின் திசையும் மாறுகிறது. ரிவால்வரின் பின்னுதைப்பில், சுடப்படாத தோட்டாக்களின் குண்டுகள் கூட்டிலிருந்து முன்னோக்கி வழுவப் பார்க்கும். ரைஃபிளின் குழாயிலோ சுருள்வில்லின் அழுத்தமும் அதிர்வும் குண்டைக் கூட்டுக்குள் பின்னோக்கித் தள்ளும். ஒரே மடிப்பு இரு திசைகளிலும் தாங்க வேண்டும்.

இனி அந்தப் புகழ்பெற்ற பெயருக்கு வருவோம். ஐடஹோவில் வாழ்ந்த எல்மர் கீத் (1899–1984) ரிவால்வருக்காக வடிவமைத்த குண்டு, லைமன் நிறுவன அச்சுப் பட்டியலில் 429421 என்னும் எண்ணைப் பெற்றது. மொழியியலாளர்கள் இந்த எண்ணை ரசிப்பார்கள். இதைப் பகுபதமாகவே பிரிக்கலாம். முதல் மூன்று இலக்கங்கள் விட்டம், அங்குலத்தில் ஆயிரத்தில் 429 பங்கு. எஞ்சியவை வடிவத்தின் வரிசை எண். 250 கிரெயின் அளவு எடை, அகன்ற தட்டை மூக்கு, மூக்கின் அடியில் கூர்மையான தோள், ஆழமான மடிப்புப் பள்ளம். ரிவால்வரில் அதன் பெருமை நியாயமானது. ஆனால் அதன் மூக்கு நீளம். பள்ளத்தில் மடித்தால் .44 மேக்னம் தோட்டா சில லீவர்-ஆக்‌ஷன் ரைஃபிள்களின் பொறிக்கு நீண்டுவிடுகிறது. சாய்வாக ஏறும் தோட்டாவின் தோள் அறையின் விளிம்பில் முட்டுவதும் உண்டு. அந்த எண்ணின் இரு பகுதிகளிலும் எந்தத் துப்பாக்கிக்கு என்ற செய்தி இல்லை.

இன்னும் சுவையான சான்று 427098. .44-40க்கான பழைய 200 கிரெயின் வடிவம் இது. இதில் மடிப்புப் பள்ளமே இல்லை. காரணம் எளியது. கருமருந்து கூட்டை முழுவதும் நிரப்பியது. குண்டு மருந்தின்மேல் அமர்ந்திருந்தது. பின்னோக்கிச் செல்ல இடமே இல்லை. விளிம்பைக் குண்டின் வளைவின்மேல் லேசாக மடித்தால் முன்னோக்கி வழுவுவதும் தடைபட்டது. 1890களில் புகையற்ற மருந்து வந்தது. சிறிதளவே போதும் என்பதால் கூட்டில் வெற்றிடம் உண்டாயிற்று. குண்டைத் தாங்கிய மருந்துப் படுக்கை மறைந்தது. அச்சின் வடிவமோ அப்படியே நீடித்தது. அந்த அச்சில் வார்த்துப் புகையற்ற மருந்தோடு ரைஃபிள் குழாயில் அடுக்குபவர், குண்டு கூட்டுக்குள் அமிழ்வதைக் காண்கிறார். அமிழ்ந்தால் உள்ளிடம் சுருங்கும். சுடும்போது அழுத்தம் ஏறும்.

எள்ளின் நெய் எண்ணெய் ஆயிற்று. இன்று தேங்காய் எண்ணெய் என்கிறோம், எள்ளை யாரும் தேடுவதில்லை. காரணம் மறைந்த பின்னும் வடிவம் வாழ்வது மொழியில் இயல்பு. அதனால் யாருக்கும் தீங்கில்லை. அச்சில் அப்படி வாழும் வடிவம் சுடுபவரின் முகத்துக்கு அருகே வெடிக்கும் பொருளாக முடிகிறது. ஆகவே இங்கே மரபை மரபென்பதற்காகவே ஏற்பது தவறு.

மறுப்பும் உண்டு. கீத்தின் குண்டைச் சற்று ஆழமாகச் செருகி, தோளின்மேல் மடித்து ரைஃபிளில் பயன்படுத்துவோர் இருக்கிறார்கள். அது இயங்கவும் செய்கிறது. ஆயினும் ஆழம் மாறினால் உள்ளிடம் மாறும். ஓர் ஆழத்துக்குச் சோதித்து எழுதப்பட்ட மருந்தளவு அடுத்த ஆழத்துக்குச் செல்லாது. லைமனின் 358156 அச்சில் இரண்டு மடிப்புப் பள்ளங்கள் இருப்பதை எண்ணிப் பாருங்கள். ஒரே குண்டு இரு நீளங்களுக்கு வேண்டும் என்றால் அதை வடிவத்திலேயே எழுத வேண்டும் என்பதை அதன் வடிவமைப்பாளர் உணர்ந்திருந்தார்.

எனவே என் பரிந்துரை இது. அகன்ற தட்டை மூக்கு. தோளின்றி மூக்கை நோக்கிச் சரியும் பக்கங்கள். ரைஃபிளின் பொறி ஏற்கும் நீளத்தைத் தரும் இடத்தில் ஆழமான மடிப்புப் பள்ளம். விட்டத்தைப் பட்டியலிலிருந்து எடுக்காமல், ரைஃபிள் குழலையும் ரிவால்வர் அறைகளின் வாயையும் அளந்து முடிவுசெய்ய வேண்டும். இரண்டும் வேறுபட்டால் பெரிய அளவுக்கான அச்சையே வாங்குக. பெரிதாக வார்த்த குண்டை அளவுக்கருவியில் அழுத்திச் சிறிதாக்கலாம். சிறிதாக வார்த்ததைப் பெரிதாக்குவது கடினம். ரிவால்வர் மட்டுமே வைத்திருப்பவர் கீத்தின் வடிவத்தை விட்டுவிட வேண்டியதில்லை.

கலைச்சொல் தொகுப்போர்க்கும் ஒரு வேண்டுகோள். ஒரு பொருளின் பெயரையும் வடிவத்தையும் பதிவுசெய்து அதோடு நிறுத்திக்கொள்கிறோம். எந்தக் கருவிக்கு, எந்த மருந்துக்கு, எந்தத் தேவைக்கு என்னும் மூன்றையும் பதிவுக்குள் கொண்டுவராத அகராதி, 427098 அச்சை வாங்கியவரின் நிலையிலேயே மாணவரை விட்டுவிடும். வடிவம் அவர் கையில் இருக்கும். அது எதற்கு விடையாகப் பிறந்தது என்பது தெரியாது.