துணைக்கு ஆள் எங்கே?

2024 ஆகஸ்ட் 14 நள்ளிரவில், ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட மருத்துவருக்கு நீதி கேட்டுக் கொல்கத்தா பெண்கள் தெருவை நிறைத்தார்கள். கூட்டம் கலைந்துவிட்டது. வன்முறைக்கு ஆளான ஒருத்தி நாளைக் காலை மருத்துவமனைக்குப் போனால், அவளோடு யார் போவார்? இதற்கு இன்னமும் பதில் இல்லை.

கொல்கத்தாவை ஒட்டிய நியூ டவுனில் ஐ.டி. வளாகங்களுக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும் குறைவில்லை. அங்கே அடுக்குமாடிகளில் பாத்திரம் தேய்ப்பவர்கள் சுற்றியுள்ள பழைய ஊர்க்காரப் பெண்கள். அவர்களுக்கும் சட்டம் பொதுதான். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்குத் தனியார் மருத்துவமனையும் உடனே இலவசச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவு. மறுத்தால் ஓராண்டுவரை சிறை. ஆனால் முன்பணம் கேட்கும் கவுன்ட்டரில், ரத்தம் காயாத உடம்போடு நிற்பவளா சட்டம் பேசுவாள்? பக்கத்தில் நிற்பவர்தான் பேச வேண்டும்.

அதோடு முடியவில்லை. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். குமட்டும். வீட்டார் கண்ணில் படாமல் ஒளித்து வைக்க வேண்டும். மறுபரிசோதனைக்குப் போனால் அன்றைய கூலி போகும். தினமும் போன் செய்து “சாப்பிட்டியா?” என்று கேட்க ஓர் ஆள் இல்லாவிட்டால், பாதியிலேயே நின்றுவிடும்.

கொல்கத்தாவின் 2012 பார்க் ஸ்ட்ரீட் பாலியல் வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்ட சுசெட் ஜோர்டனின் புகாரையே ஜோடிப்பு என்றார் அப்போதைய மேற்கு வங்க முதல்வர். மறு ஆண்டு தன் பெயரைத் தானே அறிவித்தார் சுசெட். தன்னைப் போன்றவர்களுக்கு உதவி எண்ணில் ஆலோசகராக இருந்தார். 2015 மார்ச்சில் இறந்தார். தீர்ப்பு வந்தது டிசம்பரில். நீதிமன்றத்துக்கு முன்பே கைகொடுப்பவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான். கொல்கத்தாவின் ‘ஸ்வயம்’ அமைப்பு 1995இலிருந்து இதைச் செய்கிறது. ஓர் அமைப்பு எத்தனை வாசலில் நிற்கும்?

வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதமே என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு. நாமும் மார்தட்ட முடியாது: கணவனின் வன்முறையைச் சந்தித்தவர்கள் மேற்கு வங்கத்தில் 27 சதவீதம், தமிழ்நாட்டில் 38.

மும்பை பாந்த்ராவின் பாபா மருத்துவமனைக்குள் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ‘திலாசா’ மையத்தை மாநகராட்சி தொடங்கி கால் நூற்றாண்டு ஆகிறது. மேற்கு வங்கத்திலோ, 181 பெண்கள் உதவி எண்ணை மாநில அரசு இன்னும் செயல்படுத்தவில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சர் கடிதம் எழுதினார். அது அரசியல் சண்டையாகத்தான் ஆனது. நியூ டவுன் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் இரவுபகலாக ஒரு துணையாளரைச் சம்பளத்துடன் அமர்த்த வேண்டும். 397ஆம் பிரிவை வங்காள மொழியில் எழுதி கவுன்ட்டரிலேயே மாட்ட வேண்டும். அடுத்த ஊர்வலம் வரை இதற்குக் காத்திருக்கலாகாது.