பிள்ளைகள் வரையட்டும் நம் வயலை

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் விவசாயக் குடும்பங்கள் பல புத்தளம், கற்பிட்டிக் கரையோரத்தில் தஞ்சமடைந்தன. முசலி வயல்களில் உழுதவர்கள் இன்று முதியவர்கள். இங்கு பிறந்த பிள்ளைகளுக்கோ அவ்வயல்கள் வெறும் பெயர்களே.

பெற்றோரே, ஆசிரியர்களே! பாடசாலைச் செயற்திட்டமாகப் பிள்ளைகள் படப் புத்தகம் செய்யட்டும். கிந்தொட்டைக் கிராமத்தில் பிறந்த சிபில் வெத்தசிங்க 1956இல் வெளியிட்ட 'குட ஹொரா', குடை திருடும் குரங்கின் கிராமத்துக் கதைதான். அது பல மொழிகளுக்குச் சென்றது.

4 தாள்களை மடித்துத் தைத்தால் 16 பக்கங்கள். மூத்தம்மா சொல்ல, பிள்ளை வரையட்டும்: குளம், வரம்பு, சூடடிப்பு, பின் இங்குள்ள வெங்காயப் பாத்தி. கோணல் கோடுகளைத் திருத்த வேண்டாம்.

காணி உறுதியில் எல்லைகள் மட்டுமே உண்டு. மற்றவை மூத்தோர் மனதில். அவர்கள் இருக்கும்போதே கேட்போம்.